மனம் மாறிச் செக்கிஞ்சான் போனேன்

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் உங்களில் பலர் பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ போயிருப்பீர்கள். 2007இல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. நடுநடுவே உள்ளே இறங்கும் செம்மண் பாதைகள். அப்படி ஒரு பாதையின் முடிவில் இருக்கிறது நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. பள்ளிக்கு எதிரே ஒரு லயம். ஒரு காலத்தில் பிரட்டுக்களத்தில் நிற்க இடம் போதாதாம். இன்று அந்த லயத்தில் ஆறு வீடுகளில் மட்டுமே நம்மவர்கள் இருக்கிறார்கள். மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியப் பிள்ளைகளும் குடியிருக்கிறார்கள். அந்த ஆறு குடும்பங்களும் கூடிய சீக்கிரம் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஆறாவது வீட்டில் ஒரு பாட்டி. பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். இடுப்பு வளைந்ததும் நின்றார். ஒருநாள் மாலை பள்ளி விட்டு வரும்போது வழிமறித்தார்.

"டீச்சரு, என்னைய ஒரு படம் புடிச்சிக் குடு."

"அதுக்கென்ன பாட்டி, புடிச்சிட்டாப் போச்சு. என்ன விசேஷம்?"

"நா செத்தா மாட்டறதுக்கு."

எனக்குத் திக்கென்றது. பாட்டி சிரித்தார். "இப்ப புடிச்சி வைக்கலன்னா எம் மவன் ஐ.சி.யில உள்ள படத்தப் பெருசாக்கி மாலை போட்டுருவான். அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கியா?"

வாசகர்களே, இதை நீங்களும் எத்தனையோ சாவு வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் மாலை போட்ட படம். அடையாளக் கார்டுக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் மிரண்டுபோய் நின்றபோது எடுத்த படத்தைத் தபால்தலை அளவிலிருந்து பெரிய அளவுக்கு இழுத்திருப்பார்கள். கண்கள் கலங்கலாக, உதடு இறுகி, போலீஸ் பிடித்துவந்த ஆளைப்போல இருப்பார் அந்த மனிதர். எழுபது வருஷம் உழைத்து வாழ்ந்தவருக்கு வீட்டில் வேறு படமே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஆனால் பாட்டியின் வீட்டில் ஒரு நல்ல படம் இருக்கிறது. அவர் கணவருடையது. 1984இல் எடுத்தது. வெள்ளைச் சட்டை, ஏறிய நெற்றி, ஒரு பக்கமாக ஒதுங்கிய சிரிப்பு. அதை எடுத்தவர் என் அப்பா. அப்பா அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்தார். 1981இல் கிள்ளானில் தவணையில் ஒரு பெண்டாக்ஸ் கே1000 வாங்கினார். அந்தத் தவணையைக் கட்டி முடிப்பதற்குள் அம்மாவிடம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. முப்பத்தாறு படம் உள்ள ஒரு சுருளை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒன்று என்று லயம் முழுக்க எடுப்பார். யாரையும் இரண்டு முறை எடுக்கமாட்டார். சுருள் கழுவி வர ஒரு வாரம் ஆகும். தோட்டமே காத்திருக்கும்.

"தாத்தா பக்கத்துல நா ஐ.சி. மூஞ்சியோடவா இருக்கணும்?" என்றார் பாட்டி.

உடனே கைப்பேசியை எடுத்தேன். இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அறையில் கேமராப் பேச்சு வரும்போதெல்லாம், "கையில் போன் இருக்கும்போது கேமராவுக்குக் காசு கொட்டுகிறவர் புத்தி கெட்டவர்" என்று உரக்கச் சொல்லிவந்தவள் நான். அதிலும் ஒருவர் பயன்படுத்திக் கழித்த கேமராவை இன்னொருவர் வாங்குவது, பிறத்தியார் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது என்பது என் கட்சி.

வீட்டுக்குள் பாட்டியைப் பாயில் உட்காரவைத்து நாலைந்து படம் எடுத்துக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு புள்ள?"

நானும் பார்த்தேன். நெற்றியில் ஒரு கோடு இல்லை. கன்னம் சப்பாத்திமாவு தேய்த்ததுபோல் வழுவழுப்பாக இருந்தது. வெற்றிலை போட்டுச் சிவந்த உதட்டோரம், பால்மரத்துக் கொசு கடித்த தழும்பு, மூக்குத்தி இழுத்து நீண்ட துளை எல்லாவற்றையும் போன் தானாகவே அழித்துவிட்டிருந்தது. அழகுபடுத்துகிறதாம். அதை அணைத்துவைக்கலாம் என்று மறுநாள் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் சொல்லிக்கொடுத்தான். அணைத்து எடுத்தேன். இப்போது சுருக்கங்கள் வந்தன. ஆனால் லயத்து வீட்டின் அரை இருட்டில் முகம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள். போனுக்குள் படம் பதியும் சில்லு சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அத்தனை சின்ன வாசலில் இருட்டு வீட்டின் வெளிச்சம் எவ்வளவு நுழையும்?

அப்பாவின் கே1000 அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஷட்டர் இறுகிவிட்டது. லென்ஸை மட்டும் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஓரத்தில் சிலந்தி இழைபோல் கொஞ்சம் பூஞ்சணம். நடுவில் தெளிவு.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது கிள்ளானில் கல்யாணப் படம் எடுக்கிறான். அவனிடம் போனில் புலம்பினேன். "டீச்சர், பாடிதானே போச்சு? லென்ஸ் நல்லா இருந்தா போதும். மிரர்லெஸ் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க. நடுவுல ஒரு வளையம் மாட்டினா ஒங்கப்பா லென்ஸ் அதுல உக்காந்துரும்" என்றான்.

தாத்தாவைப் பார்த்த அதே லென்ஸ் பாட்டியையும் பார்க்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கட்சி கவிழ்ந்துவிட்டது.

"மிரர்லெஸ்னா என்ன?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கண்ணாடி இல்லாத கேமரா."

"கண்ணாடி உடைஞ்சதையா காசு குடுத்து வாங்கப் போற?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அப்பா வைத்திருந்த மாதிரிக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் உருவத்தை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி விலகும், பிலிமில் படம் விழும். அந்த "டக்" சத்தம் கண்ணாடி எழும் சத்தம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். சில்லில் விழும் உருவமே ஒரு குட்டித் திரையில் தெரியும். லென்ஸ் மாற்றக்கூடிய இந்த வகையை 2008இல் பானாசோனிக் ஜி1 என்ற கேமரா சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடிக்கு இடம் விடவேண்டியிருந்ததால் பெண்டாக்ஸ் லென்ஸ் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும். புஜிபிலிம் மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் 17.7 மில்லிமீட்டர் மட்டுமே. மிச்சம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் வளையத்தின் வேலை. உள்ளே லென்ஸோ மின்சாரமோ எதுவும் கிடையாது. வெறும் உலோக வளையம். என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்காகவே இதைக் கொடுத்துவிட்டேன்.

விசாரித்ததில் செக்கிஞ்சானில் ஒரு சீனப் பையன் புஜிபிலிம் எக்ஸ்-டி10 விற்பதாகத் தெரிந்தது. 2015இல் வந்த மாடல். புதிதாக யாரும் தேடமாட்டார்கள், அதனால் விலை இறங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை வீட்டுக்காரரின் பழைய காரில் புறப்பட்டோம்.

எங்கள் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் அது நம்ம தென்னமரம்தான். பெயர்தான் தென்னை. அங்கே நிற்பது செம்பனை. 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது அந்த மண்ணில்தான். நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அதுவரை செம்பனையை இங்கே அழகுக்குத்தான் வளர்த்தார்களாம். காப்பி கைகொடுக்காத இடத்தில் அவர் அதைப் பயிராக்கிப் பார்த்தார். பிறகு அவர் மலாயா வாழ்க்கையை வைத்து ஒரு நாவலும் எழுதி, 1930இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு வாங்கினார். நாவலுக்குப் பரிசு கிடைத்தது. மரத்துக்கு நாடு கிடைத்தது. அம்மரங்களின் கீழ் குனிந்து பழம் பொறுக்கியவர்களுக்கு ஒரு நல்ல படம்கூட இல்லை என்று நினைத்தபோது காருக்குள் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

கோலசிலாங்கூரில் ஆற்றுப் பாலம் தாண்டினால் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை வடக்கே ஓடுகிறது. கீழே பாசிர் பெனம்பாங் மீன்பிடிப் படகுகள். தஞ்சோங் காராங் தாண்டியதும் உலகமே மாறிவிடுகிறது. மரக்கூட்டம் போய் வயல் வருகிறது! நேர்நேராகக் கோடு போட்டதுபோல் வாய்க்கால்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, தலைக்குமேல் ஓலை இல்லாமல் இவ்வளவு வானத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். நாங்கள் போனபோது கதிர் பால் பிடிக்கும் பருவம். காற்றடித்தால் பச்சை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது.

பையன் வீடு வயலோரத்தில். அப்பா நெல் விவசாயி, பிள்ளை கல்யாணப் படம் எடுக்கிறான். புதுசு வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறானாம். "வாங்க சிகு" என்று மலாய்க்காரப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான். மலாயில்தான் பேசிக்கொண்டோம். அவன் அம்மா சீனத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

என் மாணவன் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்களும் என்றாவது செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போனால் வெட்கப்படாமல் இதையெல்லாம் செய்துபாருங்கள். லென்ஸுக்குள் கைவிளக்கு அடித்துப் பார்க்கவேண்டும். பூஞ்சணம் இருந்தால் அப்போதுதான் தெரியும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அதுதான் முதல் எதிரி. பிறகு லென்ஸ் துவாரத்தை 16க்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். சில்லில் தூசி இருந்தால் வானத்தில் கரும்புள்ளியாக நிற்கும். எங்களுக்கு இரண்டு புள்ளி தெரிந்தது. பையன் ரப்பர் ஊதுகுழலை எடுத்து உள்ளே ஊதினான். ஒன்று போயிற்று. ஒன்று பிடிவாதமாக இருந்தது. எல்லாச் சக்கரங்களையும் திருகிப் பார்த்தேன். பிடிமான ரப்பர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். "முந்நூறு படம் எடுக்கலாம் சிகு, ஆனால் இது பழைய பேட்டரி" என்று உள்ளதைச் சொன்னான். மிரர்லெஸ்ஸுக்கு இது ஒரு குறைதான். எந்நேரமும் உள்திரை எரிந்துகொண்டிருப்பதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

ஆயிரத்து ஐந்நூறு கேட்டான். அந்தப் புள்ளியையும் தூக்கிய ரப்பரையும் காட்டி ஆயிரத்து முந்நூற்றைம்பது வெள்ளிக்கு முடித்தோம். அவனுடைய சாதாரண லென்ஸும் அதிலேயே சேர்த்தி. பணத்தை எண்ணிக் கொடுத்தபோது என் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. எங்கள் கூரைக்குத் தகரம் மாற்ற ஒதுக்கிவைத்த பணம் அது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில், "மழை வந்தா கேமராவைப் புடிச்சிக்கிட்டு நிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கோலசிலாங்கூர் வந்ததும் மெலாவத்திக் குன்றில் ஏறினோம். கையில் புதுச்சாமான் இருக்கும்போது நேராக வீட்டுக்குப் போக மனம் வருமா? 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று கூப்பிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் திரும்பப் பிடித்துவிட்டார். பெயர் மட்டும் 1907இல் வெள்ளைக்காரர் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி இருக்க, பீரங்கிமேல் உட்கார்ந்திருப்பது குரங்குகள்!

இந்தக் கருங்குரங்குகளை நீங்கள் அவசியம் பார்க்கவேண்டும். தாய் சாம்பல் பூசிய கறுப்பு. மடியில் தொங்கும் குட்டியோ நல்ல ஆரஞ்சு நிறம்! சில மாதத்தில் குட்டியும் கறுத்துவிடும். 2008இல் ஆய்வாளர்கள் இவற்றைத் தனி வகை என்று பிரித்து, நம் மாநிலத்தின் பெயரிலேயே செலாங்கோரென்சிஸ் என்று சூட்டினார்கள். கடலைக்காக மடியில் ஏறும் சாதுக்கள். பக்கத்திலேயே திரியும் நீளவால் குரங்குகள் அப்படியல்ல. பையைப் பிடுங்கிவிடும். கேமரா வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தாயை எடுத்தேன். படத்தில் அது கறுப்பாக இல்லை, வெளுத்த சாம்பலாக இருந்தது. என் மாணவன் சொன்னது அப்போதுதான் புரிந்தது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணுகிறது கேமரா. கறுப்பைக் காட்டினால் வெளுப்பாக்கும். வெள்ளையைக் காட்டினால் கறுப்பாக்கும். மேலே ஒரு சக்கரம் இருக்கிறது, கழித்தல் பக்கம் திருப்பினால் குறையும், கூட்டல் பக்கம் திருப்பினால் கூடும். மிரர்லெஸ்ஸின் சுகம் இங்கேதான். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, படம் எப்படி வரப்போகிறது என்பது எடுக்கும் முன்பே உள்திரையில் தெரிகிறது. அப்பாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

குரங்கைப் பார்த்தபடியே எனக்கு நம் ஆட்களின் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவருக்கு முன்னால் நம்மவரை நிறுத்திப் படம் எடுத்தால் சுவர் மட்டும் தெரியும், முகம் தெரியாது. அது நம் நிறத்தின் குற்றம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஸ்டுடியோக்காரர்களும் முகத்தில் பவுடர் அப்பித்தானே உட்காரவைப்பார்கள்? கொடாக் கம்பெனி படக்கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் வெகுகாலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அளவுகோலே அவள் முகம் என்றால் நம் முகம் எப்படித் தேறும்? சக்கரத்தைக் கூட்டல் பக்கம் இரண்டு கட்டை திருப்பினால் தீரும் காரியத்துக்கு எத்தனை டப்பா பவுடர்!

இருட்டியதும் கம்போங் குவாந்தான். வந்தது வந்தோம், மின்மினிகளையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். துடுப்புப் படகில் நாலுபேர் உட்காரலாம். சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. யார் தாளம் போடுகிறார்களோ தெரியாது. பிளாஷ் போடக் கூடாது என்று படகுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். நானும் கேமராவை உயர்த்தி என்னென்னவோ செய்து பார்த்தேன். ஆடும் படகில் இருந்துகொண்டு அந்த வெளிச்சத்துக்கு எந்தக் கேமராவும் உதவாது. ஐந்து நிமிஷம் கழித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் போனால் முதல் நிமிஷத்திலேயே வைத்துவிடுங்கள்.

வளையம் கிள்ளானிலிருந்து வர ஒரு வாரம் ஆயிற்று. ஐம்பத்தைந்து வெள்ளி. அப்பாவின் லென்ஸை மாட்டினேன். கேமரா ஒன்றுமே செய்யவில்லை. கெட்டுப்போயிற்று என்று நெஞ்சடைத்துவிட்டது. லென்ஸ் இல்லை என்று கேமரா நினைக்கிறதாம். "லென்ஸ் இல்லாமலும் எடு" என்று உள்ளே ஓர் இடத்தில் அனுமதி கொடுக்கவேண்டும். கொடுத்தேன். உயிர் வந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாட்டி வீட்டுக்குப் போனேன். பாட்டி நாலு மணிக்கே எழுந்து குளித்து, சிவப்புக் கரைச் சேலை கட்டி, மூக்குத்தியைப் புளிபோட்டு விளக்கிப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"பவுடர் போடவா?"

"தாத்தாவுக்குப் போட்டிங்களா?"

"அவருக்கு எதுக்கு?"

"அப்ப ஒங்களுக்கும் வேணாம் பாட்டி."

அப்பா யாரையும் வீட்டுக்குள்ளும் எடுக்கமாட்டார், வெயிலிலும் நிறுத்தமாட்டார். வாசற்படிக்கு ஓரடி உள்ளே, வெளியே பார்த்தமாதிரி ஒரு ஸ்டூல். வாசல் வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் வீடு இருட்டாகிவிடும். தாத்தாவின் படத்திலும் அப்படித்தான். அதே வாசல், அதே இடம். ஸ்டூல்கூட அதேதான் என்றார் பாட்டி.

அப்பாவின் லென்ஸில் கையால் திருகித்தான் கூர்மை வைக்கவேண்டும். கூர்மையான இடத்தில் ஓரங்கள் மினுங்கும்படி கேமராவில் ஒரு வசதி இருக்கிறது. அப்படியும் முதல் பத்துப் படத்தில் மூக்குத்திதான் கூர்மையாக வந்தது, கண் வரவில்லை. லென்ஸை முழுக்கத் திறந்துவைத்திருந்தேன். 4க்குச் சுருக்கினேன். சத்தமில்லா ஷட்டரை வைத்தேன். டியூப் லைட்டின் கீழே அதை வைத்தால் படத்தில் கோடு விழும், பகல் வெளிச்சத்தில் பயமில்லை. சத்தம் வராததால் நான் எடுப்பதே பாட்டிக்குத் தெரியவில்லை. எடுக்கப்போகிறேன் என்று விறைத்து உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்ப் பேச ஆரம்பித்தார். தாத்தா படம் எடுத்த அன்று நடந்த கதை. தாத்தாவுக்கு நல்ல சட்டை இல்லையாம். கிராணி வீட்டுச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டாராம். மதியத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று அப்பாவை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாராம். "அதான் அந்தச் சிரிப்பு. சட்டைக்காரரு ரோட்டுல வந்து நிக்கிறாரு, இவரு இங்க உக்காந்து சிரிக்கிறாரு!" என்று சொல்லிப் பாட்டி வாய்பொத்தினார். பொத்திய கையைக் கீழே இறக்கிய நேரத்தில் எடுத்தேன்.

நாற்பத்தொன்று எடுத்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் சுருள் வீண் என்று திட்டியிருப்பார். அந்த ஒன்றைத் திரையில் வைத்துக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். எனக்கு முதல் தடவை பட்ட அடி ஞாபகம் வந்தது.

"கெழவியா ஆயிட்டேன்ல?" என்றார். அப்புறம், "நாந்தான் இது" என்றார்.

கோலசிலாங்கூரில் ஒரு கடையில் எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பெட்டிக்குள் வைப்பார் என்று நினைத்தேன். அன்றைக்கே தாத்தா பக்கத்தில் ஆணி அடித்து மாட்டச் சொல்லிவிட்டார். தாத்தா படத்தில் மாலை, பாட்டி படத்தில் மாலை இல்லை. ஷா ஆலாமிலிருந்து வந்த மகள் வாசலில் நின்றபடி சுவரைப் பார்த்துவிட்டு ஐயோ என்று அலறியிருக்கிறாள். அடுப்படியிலிருந்து பாட்டி, "இன்னும் இல்லடி, உள்ள வா" என்றாராம்.

கேமராவை இப்போது காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். கூரைத் தகரம் இன்னும் மாற்றவில்லை. போன ஞாயிறு லயத்துப் பக்கம் போனபோது மூன்றாம் வீட்டுப் பெரியவர் வேட்டி கட்டி, தலைவாரி, வாசலுக்கு ஓரடி உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அவர் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. நான் டப்பாவை எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.